நிஜ எடை 4.8 கிலோ, கட்டணம் 15.4 கிலோவுக்கு: ஒரே பெட்டியா, பிரிக்கலாமா?

மேசைமேல்உலகம்

வணக்கம் நண்பர்களே. ஜப்பானில் ஒரு ப்ராக்ஸி (நமக்காக அங்கே வாங்கி அனுப்பும் இடைத்தரகர்) கிடங்கில் என் பொம்மைகள் சேர்ந்து கிடக்கின்றன. 1/7 அளவு ஸ்கேல் ஃபிகர் (பீடத்தில் நிற்கும் சிலை மாதிரி பொம்மை) இரண்டு, பெரிய தலை குட்டி உடம்பு நெண்டோராய்ட் மூன்று, யாஹூ ஏலத்தில் எடுத்த, கை கால் அசையும் பழைய ஃபிகுவார்ட்ஸ் ஒன்று. இலவசமாக வைத்திருக்கும் நாள்கள் முடியப் போகின்றன, சீக்கிரம் முடிவெடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கட்டினால் எவ்வளவு ஆகும் என்று உத்தேசக் கணக்கு கேட்டேன். பெட்டி 55×40×35 செ.மீ., எடை 4.8 கிலோ என்று வந்தது. இ.எம்.எஸ். (அஞ்சல் துறையின் விரைவுத் தபால்) கட்டணம் 4.8 கிலோவுக்குத்தான் போட்டிருக்கிறார்கள். கூரியர் கட்டணத்தில் மட்டும் 15.4 கிலோ என்று இருக்கிறது. எதையாவது மாற்றிப் போட்டுவிட்டார்களா? ஒரே பெட்டியாக வரவழைப்பதா, இரண்டாகப் பிரிப்பதா என்றும் சொல்லுங்கள்.

சுருள்கம்பி

மாற்றிப் போடவில்லை, கணக்கு சரிதான். கூரியர்காரர்கள் தராசை மட்டும் பார்ப்பதில்லை, டேப்பையும் வைத்து அளப்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 5000ஆல் வகுத்தால் வருவது பருமன் எடை. உங்கள் பெட்டிக்கு 77,000 ÷ 5000 = 15.4. பருமன் எடை, நிஜ எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் காசு. டி.எச்.எல்., ஃபெடெக்ஸ் இரண்டிலும் இதே கதைதான்.

ஜப்பான் போஸ்ட்டின் இ.எம்.எஸ். நிஜ எடையை மட்டும் பார்க்கிறது. அதிகபட்சம் 30 கிலோ, சில நாடுகளுக்கு அதைவிடக் குறைவு. ஸ்கேல் ஃபிகர் பெட்டியில் பாதிக்கு மேல் காற்றுதானே. அதனால் ஃபிகர் வாங்குகிறவர்கள் முதலில் இ.எம்.எஸ். கட்டணத்தைத்தான் பார்ப்பார்கள். டை-காஸ்ட் (உலோக வார்ப்பு) கார் வாங்குகிறவர்களுக்கு நேர்மாறு. அது சின்னப் பெட்டி, நல்ல கனம். கூரியர் கட்டுப்படியாகும்.

காலிப்பெட்டி

அந்த 55×40×35 பெட்டியே பெரிது. 1/7 ஃபிகர் பெட்டி சராசரியாக 30×22×20 இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 44×30, உயரம் 20. அதன்மேல் நெண்டோராய்ட் மூன்றையும் படுக்கவைத்தால் இன்னும் 9 செ.மீ. ஃபிகுவார்ட்ஸ் ஓரத்தில் போய்விடும். சுற்றிக் கொஞ்சம் பஞ்சணை விட்டாலும் 50×37×32 போதும். 59,200 ÷ 5000 = 11.84, மேலே ஏற்றி 12 கிலோ என்று போடுவார்கள். 15.4 எங்கே, 12 எங்கே!

கிடங்குக்காரர்கள் கைக்குக் கிடைத்த பெட்டியில் போட்டுக் கட்டுவார்கள். 'சிறிய பெட்டியில் மறுபடி கட்டித் தரவும்' என்று குறிப்பு எழுதுங்கள். சிலர் இதற்குக் கூலி கேட்பார்கள். கேட்டாலும் உங்களுக்கு லாபம்தான்.

மழைக்குருவி

ஒரு நிமிடம். சின்னப் பெட்டி என்றால் மூலைக்கு எத்தனை விரல்கடை இடைவெளி மிஞ்சும்? காலிப்பெட்டி சொன்ன அளவில் மேலும் கீழும் தலா ஒன்றரை செ.மீ.தான். ஃபிகர் பெட்டிக்கு முன்னால் பிளாஸ்டிக் ஜன்னல் இருக்கிறது. மேலே வேறு பார்சல் ஏறி உட்கார்ந்தால் முதலில் அமுங்குவது அதுதான்.

பெட்டியை இறுக்கச் சொல்லும் யோசனை கூரியரில் அனுப்பினால் மட்டும்தான் பொருந்தும். இ.எம்.எஸ்.ஸில் காற்றுக்குக் காசு இல்லை. அங்கே பெட்டி பெரிதாக இருந்தால் கூடும் எடை அட்டையின் எடை மட்டும்தான். அப்புறம் எதற்கு இறுக்க வேண்டும்? முதலில் எதில் அனுப்புவது என்று முடிவு செய்யுங்கள், பெட்டி அளவு அதற்குப் பிறகு. பாதிப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

மேசைமேல்உலகம்

மழைக்குருவி சொல்வது எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி. அப்படியென்றால் இ.எம்.எஸ்., பெரிய பெட்டி. பிரிக்கும் யோசனை?

பன்னிரண்டில்ஒன்று

பிரித்தால் இப்படிப் போகலாம். நெண்டோராய்ட் மூன்றும் ஃபிகுவார்ட்ஸும் சேர்ந்து பெட்டியோடு 2 கிலோவுக்குள் அடங்கிவிடும். ஸ்மால் பேக்கெட் என்ற சிறு பொதித் தபாலுக்கு வரம்பு 2 கிலோ; நீள அகல உயரக் கூட்டுத்தொகை 90 செ.மீ., எந்தப் பக்கமும் 60 செ.மீ. தாண்டக் கூடாது. அதை விமானத் தபாலில் விடுங்கள், ஸ்கேல் இரண்டும் இ.எம்.எஸ்.ஸில் வரட்டும். ஸ்மால் பேக்கெட் என்றால் பதிவுத் தபால் கட்டணமும் சேர்த்துக் கட்டுங்கள், இல்லையென்றால் பார்சல் எங்கே இருக்கிறது என்று பார்க்கவே வழியிருக்காது.

கடல் தபால் இன்னும் மலிவு. ஆனால் மாதக்கணக்கில் ஆகும், கன்டெய்னருக்குள் வெயில் கொளுத்தும். பி.வி.சி. பிளாஸ்டிக் பொம்மைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

வரிக்கணக்கு

பிரிப்பதற்கு முன்னால் சுங்கத்தையும் யோசியுங்கள். பல நாடுகளில் வரி போக, பார்சலுக்கு இவ்வளவு என்று ஒரு கையாளும் கட்டணம் உண்டு. இரண்டு பார்சல் வந்தால் அதையும் இரண்டு தடவை கட்ட வேண்டும். பிரித்ததில் மிச்சம் பிடித்ததை அங்கே விட்டுவிடுவீர்கள்.

'சின்னச் சின்னதாக வந்தால் வரி விலக்குக்குள் வந்துவிடும்' என்ற கணக்கும் இப்போது பல இடங்களில் செல்லாது. ஆஸ்திரேலியா 2018 ஜூலை 1 முதல் குறைந்த மதிப்புப் பொருள்களுக்கும் விற்கும் இடத்திலேயே ஜி.எஸ்.டி. வசூலிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரை இருந்த வாட் விலக்கை 2021 ஜூலை 1 அன்று எடுத்துவிட்டது. அமெரிக்காவில் 800 டாலர் வரை வரியில்லாமல் வந்துகொண்டிருந்தது. 2025 ஆகஸ்ட் 29 முதல் அதுவும் இல்லை. அந்தச் சமயத்தில் ஜப்பான் உள்பட பல நாட்டு அஞ்சல் துறைகள் அமெரிக்காவுக்குப் பொருள் பார்சல்களை ஏற்பதையே சில காலம் நிறுத்திவைத்தன. விலக்கு இன்னும் இருக்கும் நாட்டிலும், ஒரே ஆளுக்கு ஒரே நாளில் வரும் இரண்டு பார்சலைச் சேர்த்துக் கணக்கிட அதிகாரிக்கு அதிகாரம் இருக்கலாம்.

எந்தத் தொகையின் மேல் வரி என்பதும் முக்கியம். பெரும்பாலான நாடுகளில் பொருள் விலை, அனுப்பும் செலவு, காப்பீடு மூன்றையும் கூட்டித்தான் சுங்க மதிப்பு. அதாவது கூரியருக்கு அதிகம் கொடுத்தால் அதற்கும் சேர்த்து வரி. அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற சில இடங்களில் மட்டும் சுங்க மதிப்பில் சர்வதேசச் சரக்குக் கூலி சேராது.

சுருள்கம்பி

இதோடு ஒன்று. கூரியரில் வந்தால் அவர்களே முகவராக இருந்து வரியை முதலில் கட்டிவிட்டு, அதற்கு ஒரு சேவைக் கட்டணம் போட்டு வாசலில் பில் நீட்டுவார்கள். சில கடைகளில் வாங்கும்போதே வரியையும் கட்டிவிடும் வசதி இருக்கிறது. அது இருந்தால் கூரியருக்கே போகலாம், அப்புறம் தலைவலி இல்லை.

புதுமுகம்_3

இவ்வளவு கஷ்டம் எதற்கு? அனுப்புகிறவரிடம் 'அன்பளிப்பு' என்று எழுதச் சொல்லி, விலையைக் கால்வாசியாகக் குறைத்துப் போடச் சொன்னால் முடிந்தது. எல்லோரும் செய்வதுதானே.

வரிக்கணக்கு

எல்லோரும் செய்வதில்லை. கடையில் காசு கொடுத்து வாங்கியது அன்பளிப்பு ஆகாது, அது பொய் உறுதிமொழி. பெயருள்ள கடை எதுவும் அப்படி எழுதித் தராது. கேட்டால் ஆர்டரையே ரத்து செய்துவிடும். சுங்கத்தில் சந்தேகம் வந்தால் பணம் கட்டிய ரசீதைக் கேட்பார்கள். பொருளின் பெயரை இணையத்தில் தேடிப் பார்த்தால் விலை தெரிந்துவிடும், அதற்கு ஒரு நிமிடம் போதும்.

மழைக்குருவி

தர்மத்தை விடுங்கள், காசுக் கணக்கே உதைக்கிறது. பார்சல் தொலைந்தாலோ உடைந்தாலோ, அறிவித்த மதிப்புக்கு மேல் ஒரு பைசா தர மாட்டார்கள். இ.எம்.எஸ்.ஸில் 20,000 யென் வரை இழப்பீடு கட்டணத்திலேயே அடங்கியிருக்கிறது. அதற்கு மேல் மதிப்பிருந்தால் சிறு தொகை கட்டி 20 லட்சம் யென் வரை ஏற்றிக்கொள்ளலாம். கால்வாசி விலை போட்டால் இழப்பீடும் கால்வாசிதான்.

புதுமுகம்_3

சரி சரி, புரிந்தது. காப்பீடு விஷயம் எனக்குத் தெரியாது.

வரிக்கணக்கு

பரவாயில்லை. நேர்மையாகவே பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, பொருள் விவரம். 'டாய்' என்று மொட்டையாக எழுதினால் 9503 என்ற சுங்கத் தலைப்பில் போகும். அலங்காரச் சிலை என்று கருதினால் பிளாஸ்டிக் பொருள்களில் 3926.40. இரண்டுக்கும் வரி விகிதம் வேறாக இருக்கலாம். பொம்மை என்றாலே பாதுகாப்புத் தரச்சான்று கேட்கும் நாடுகளும் உண்டு. கை கால் அசையும் ஃபிகுவார்ட்ஸை அலங்காரச் சிலை என்று சொல்வது கஷ்டம். பீடத்தில் ஒட்டி நிற்கும் ஸ்கேல் ஃபிகருக்கு வாதம் செய்யலாம். முடிவு சுங்க அதிகாரி கையில். 'பி.வி.சி. ஃபிகர், சேகரிப்புப் பொருள், இத்தனை எண்ணிக்கை' என்று தெளிவாக இருந்தால் பெட்டியைப் பிரித்துப் பார்க்க வேண்டிய தேவை குறையும்.

மேசைமேல்உலகம்

கையாளும் கட்டணம் இரண்டு தடவை என்பதைப் போட்டுப் பார்த்தேன். பிரிப்பதில் லாபம் ஒன்றும் இல்லை. ஒரே பெட்டி, இ.எம்.எஸ்., காப்பீடு முழு மதிப்புக்கு என்று முடிவு செய்துவிட்டேன்.

சொல்ல மறந்துவிட்டேன், அந்தக் கிடங்கில் இரண்டு குப்பி லாக்கர் பெயிண்டும் இருக்கிறது. மாடல் கிட்டுக்காக வாங்கியது. அதையும் இதிலேயே போட்டுவிடலாம் அல்லவா?

பன்னிரண்டில்ஒன்று

வேண்டவே வேண்டாம்! லாக்கர் பெயிண்ட், தின்னர், ஸ்ப்ரே டப்பா எல்லாம் தீப்பற்றும் வகை. விமானத் தபாலில் அனுமதி இல்லை. ஸ்கேனரில் தெரிந்தால் முழுப் பார்சலும் திரும்பி வரும், பொம்மைகளும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். கிடங்கிலேயே அழிக்கச் சொல்லிவிடுங்கள். பெயிண்டை எப்போதும் நாம் இருக்கும் நாட்டிலேயே வாங்குவதுதான் சரி.

ஃபிகர்களில் விளக்கு எரியும் மாடல் இருக்கிறதா என்றும் பாருங்கள். உள்ளே லித்தியம் பேட்டரி இருந்தால் தனி விதி. சாதாரண ஆல்கலைன் பொத்தான் பேட்டரி என்றால் அவ்வளவு சிக்கல் இல்லை. பேட்டரி இல்லாமல் விற்பது என்றால் பிரச்சினையே இல்லை.

மேசைமேல்உலகம்

விளக்கு எதுவும் இல்லை. பெயிண்டை விட்டுவிட்டேன், மனசு ஆறவில்லை.

பழையசரக்கு

ஏலத்தில் எடுத்த ஃபிகுவார்ட்ஸ் பற்றி யாரும் பேசவில்லையே. மற்றதெல்லாம் புதிது, எப்படியும் சரியாக இருக்கும். சேர்த்துக் கட்டச் சொல்வதற்கு முன்னால் கிடங்கிலிருந்து அதற்கு மட்டும் கூடுதல் படம் கேளுங்கள். ப்ராக்ஸிகாரர்கள் பொருள் வந்ததும் செய்யும் சோதனை மேலோட்டமானது. படத்தில் இருந்த பெட்டியும் வந்த பெட்டியும் ஒன்றா என்று பார்ப்பார்கள். மாற்றுக் கை எத்தனை ஜோடி இருக்க வேண்டும், முக பாகம் எத்தனை என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. குறை இருந்தால் பொருள் ஜப்பானில் இருக்கும்போதே சொல்ல வேண்டும். கப்பல் ஏறிவிட்டால் ஏலத்தில் விற்றவர் கை கழுவிவிடுவார். 'ஜங்க்' (பழுதானது, உத்தரவாதமில்லை) என்று போட்டு விற்றிருந்தால் புகாருக்கே இடமில்லை.

நான் படத்தில் பார்ப்பது மூன்று இடம். தோள் மூட்டில் பெயிண்ட் உராய்ந்திருக்கிறதா. வெள்ளைப் பாகங்கள் மஞ்சளித்திருக்கின்றனவா. பெட்டியில் ஃபிகுவார்ட்ஸ் வெளியிடும் டமாஷி நேஷன்ஸ் பிராண்டின் ஸ்டிக்கர் இருக்கிறதா. வெள்ளை மஞ்சளித்திருந்தால் பல வருடம் ஜன்னலோரம் இருந்தது என்று அர்த்தம். ஸ்டிக்கர் இல்லையென்றாலே போலி என்று சொல்லிவிட முடியாது, ஆனால் அடுத்த சந்தேகங்களை அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

காலிப்பெட்டி

பழையது வாங்க ஏலம் எதற்கு என்று எனக்கு எப்போதும் ஒரு கேள்வி. ஜப்பானின் அமியமி இணையக் கடையில் பழைய பொருளுக்குத் தர எழுத்து போடுகிறார்கள், பொருளுக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று. பொருள் ஏ, பெட்டி பி என்று இருந்தால் பொம்மை கிட்டத்தட்டப் புதிது, அட்டையில்தான் கீறல். திறந்து வைக்கிறவனுக்கு அதைவிட நல்ல பேரம் கிடையாது. மண்டராகேயிலும் பழைய சரக்கு குவிந்து கிடக்கிறது. 1980இல் ஆரம்பித்த கடை, டோக்கியோவின் நக்கானோ பிராட்வே வணிக வளாகத்தில் மாடி மாடியாகப் பரவியிருக்கிறது, வெளிநாட்டுக்கும் அனுப்புகிறது.

வெளிநாட்டுக்கு நேரடியாக அனுப்பும் கடையில் வாங்கினால் இன்னொன்றும் மிச்சம். ஜப்பானின் 10% நுகர்வு வரி ஏற்றுமதிக்கு இல்லை. ப்ராக்ஸி வழியாக உள்ளூர் விற்பனை வாங்கும்போது பெரும்பாலும் அந்த வரி சேர்ந்த விலையைத்தான் கொடுக்கிறோம்.

பழையசரக்கு

ஏலத்தில் மட்டும்தான் கிடைக்கும் பொருள்கள் இருக்கின்றனவே ஐயா. 2008இல் வந்த முதல் ஃபிகுவார்ட்ஸ் வரிசையைக் கடையில் தேடிக்கொண்டிருந்தால் ஆயுசு போய்விடும்.

புதுமுகம்_3

குறுக்கே ஒரு சந்தேகம். ஒரு கடையில் அடுத்த வருடம் வரும் ஃபிகருக்கு முன்பதிவு போட நினைக்கிறேன். முழுப் பணத்தையும் இப்போதே பேபாலில் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

சுருள்கம்பி

கடை தெரிந்த கடையா என்று முதலில் பாருங்கள். பேபாலில் புகார் கொடுக்கப் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாள்தான் அவகாசம். ஃபிகர் வெளியீடு தள்ளிப்போவது சகஜம். அடுத்த வருடம் என்றால் பொருள் கைக்கு வருவதற்குள் அந்த அவகாசம் தீர்ந்திருக்கும். அதற்குள் கடை மூடினால் கேட்பதற்கு ஆளில்லை. அமியமி போல் பொருள் வந்த பிறகு பணம் கேட்கும் கடைகள் இருக்கும்போது நான் முன்பணம் கட்ட மாட்டேன். ஆனால் அங்கே முன்பதிவு போட்டுவிட்டு அடிக்கடி ரத்து செய்தால் கணக்கையே முடக்கிவிடுவார்கள், விளையாட்டாகப் போடாதீர்கள்.

இன்னொன்று. கார்டில் கட்டும்போது 'உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா' என்று திரை கேட்கும். யென்னிலேயே கட்டுங்கள். அந்தத் திரை காட்டும் மாற்று விகிதம் பெரும்பாலும் உங்கள் வங்கியுடையதைவிட மோசமாக இருக்கும்.

மேசைமேல்உலகம்

பார்சல் வந்துவிட்டது! வரியும் ஒரு கையாளும் கட்டணமும் கட்டினேன், முன்னமே போட்டு வைத்த கணக்குக்குப் பக்கத்தில்தான் இருந்தது. பழையசரக்கு சொன்னபடி படம் கேட்டதில் ஃபிகுவார்ட்ஸின் மாற்றுக் கை ஒரு ஜோடி குறைந்தது தெரிந்தது. விற்றவர் பாதிப் பணம் திருப்பிவிட்டார்.

ஒரு ஸ்கேல் ஃபிகரின் வெளிப் பெட்டியில் மூலை உள்ளே போயிருக்கிறது. உள்ளே ஃபிகர் உடையவில்லை, ஆனால் கையில் பிடிக்கும் வாள் வில் மாதிரி வளைந்திருக்கிறது. இழப்பீடு கேட்கலாமா?

மழைக்குருவி

வெளி அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆறு பக்கமும் படம் எடுங்கள், அடிபட்ட மூலைக்கு நேரே உள்ளே என்ன பஞ்சணை இருந்தது என்றும் எடுங்கள். முகவரிச் சீட்டில் உள்ள எண் படத்தில் தெரிய வேண்டும்: இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் நாட்டுக்கான இரண்டு எழுத்து. உங்கள் ஊர் அஞ்சலகத்தில் சேதப் பதிவு செய்யச் சொல்லுங்கள். இழப்பீடு கோருவது பொதுவாக அனுப்பியவர் வேலை, அதனால் ப்ராக்ஸிக்கும் அன்றைக்கே எழுதுங்கள். உள்பெட்டி நசுங்கியதற்கு மட்டும் தருவார்களா என்றால் சந்தேகம்தான். பெட்டியைப் 'பேக்கிங்' என்று சொல்லித் தட்டிக் கழிப்பது வழக்கம்.

பன்னிரண்டில்ஒன்று

வாள் வளைந்தது அடிபட்டதால் இல்லை, சூட்டில் வந்தது. பி.வி.சி. மெல்லிய பாகம் வழியில் இளகி, பிளிஸ்டர் (உள்ளே பொம்மையைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் தட்டு) அழுத்திய பக்கம் வளைந்துவிடும். அதற்கு இழப்பீடு கேட்டு அலைய வேண்டாம். கொதிநீர் வேண்டாம், கை பொறுக்காத சூடு போதும். வாளை மட்டும் கழற்றி அரை நிமிடம் அமிழ்த்துங்கள். இளகியதும் நேராக்கி, அப்படியே பிடித்துக்கொண்டு குளிர்ந்த நீரில் முக்குங்கள். ஒரே மூச்சில் நேராகாவிட்டால் திரும்பவும் செய்யுங்கள், மடக்கென்று ஒடிக்காதீர்கள். உலோகப் பூச்சு பெயிண்ட் அடித்த வாள் என்றால் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

பழையசரக்கு

உள்ளே கம்பி வைத்த வாளாக இருந்தால் நீரில் போட்டும் நேராகாது. முதலில் முனையை லேசாக அழுத்திப் பாருங்கள், ரப்பர் மாதிரி திரும்பி வந்தால் பி.வி.சி.தான். அப்புறம், ஃபிகர் கொஞ்சம் பிசுபிசுவென்று இருந்தாலும் பயப்படாதீர்கள், மூடிய பெட்டியில் பிளாஸ்டிசைசர் (பி.வி.சி.யை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள்) கசிவது உண்டு. இளஞ்சூட்டு நீரில் மென்மையான சோப்புக் கரைத்துக் கழுவி, நிழலில் காற்றாட வையுங்கள்.

மேசைமேல்உலகம்

வாள் நேராகிவிட்டது, இரண்டாம் தடவையில். இழப்பீட்டுக்குப் படம் எல்லாம் அனுப்பியிருக்கிறேன், பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.